விரிப்புக்கு அந்தப் பக்கம் தெரு

தொம்போலா ஆடும் அறைக்குள் ஆண்கள் வரக் கூடாது. அனியெல்லோ ஆண். அனியெல்லோவின் கட்டில் அந்த அறைக்குள் இருந்தது. அந்த டிசம்பரில் எங்கள் சந்தின் மொத்தத் தலைவலியும் இவ்வளவுதான்.

கட்டிலை வேறு அறைக்கு மாற்றலாமே என்று கேட்பவர்கள் நேப்பிள்ஸில் பிறக்காதவர்கள். எங்கள் சந்தில் தெருமட்டத்து வீடு என்றால் ஒரே அறை. கதவைத் திறந்தால் மேசை, மேசையைத் தாண்டினால் கட்டில், கட்டிலைத் தாண்டினால் அடுப்பு, அடுப்பைத் தாண்டினால் மாதா படம், மாதாவைத் தாண்டினால் கக்கூஸ். இதற்குள் சுசெத்தா இஸ்திரி மேசையும் போட்டிருந்தாள். சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக அவளிடம்தான் வரும். ஈரத் துணியில் இஸ்திரி இரும்பு ஏறும்போது எழும் ஆவி, மழைக்காலம் முழுக்க அந்த அறையில் மேகம் போல நிற்கும்.

சுசெத்தா பிறந்தபோது வைத்த பெயர் வேறு. அதைக் கேட்டவர்கள் யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை. அவளைப் போன்ற திருநங்கைகளுக்கு எங்கள் ஊரில் ஃபெம்மினெல்லா என்று பழைய பெயர். சந்தில் பிள்ளை பிறந்தால் ராசிக்காக முதலில் அவள் கையில்தான் கொடுப்பார்கள். என்னையும் கொடுத்திருக்கிறார்கள். ராசி எனக்கு எப்போது வேலை செய்யத் தொடங்கும் என்று வீட்டில் காத்திருக்கிறார்கள்.

தொம்போலாவை அறிவிப்பதும் அவளைப் போன்றவர்களின் உரிமை. தொண்ணூறு எண்கள், தொண்ணூறு சிறு கட்டைகள், ஒரு கூடை. கூப்பிடும் எண்களைத் தன் அட்டையில் முதலில் மூடி முடிப்பவள் ‘தொம்போலா’ என்று கத்தினால் ஆட்டம் முடியும். ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் அர்த்தம் உண்டு. கட்டையை எடுப்பவள் வெறும் எண்ணைச் சொல்லிவிட்டுப் போக மாட்டாள். எண்ணுக்கு எண் முடிச்சுப் போட்டு ஒரு கதை சொல்வாள். கதை யாருடைய மானத்தையும் விட்டுவைக்காது. பெண்களும் ஃபெம்மினெல்லாக்களும் உள்ளே. ஆண்கள் வெளியே, ஜன்னலில். அனியெல்லோ முப்பது வருடமாக சுசெத்தாவோடு அந்த அறையில் வாழ்பவர். ஆட்டம் தொடங்கினால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவார். மழை பெய்தால் குடை பிடித்துக்கொள்வார்.

இந்த வருடம் அவரால் நாற்காலியைத் தூக்க முடியவில்லை. மீன் சந்தையில் பனிக்கட்டிப் பெட்டி சுமந்த நெஞ்சு, நவம்பரில் படுத்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது குளிர் கூடாது, மாடிப்படி கூடாது, பேச்சு குறைவு என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்றாவது மட்டும் அவருக்குச் சுலபம்.

எனக்கு இதில் என்ன வேலை என்றால், நான் எதிர்வீட்டு மாடி. பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன், சில வருடங்களாக. மாலைகளில் ஒரு நிறுவனத்துக்காக ‘வானவில் இரவு உலா’ நடத்துகிறேன். ஆண்களை விரும்பும் ஆண்கள், பெண்களை விரும்பும் பெண்கள், இன்னும் யோசித்துக்கொண்டிருப்பவர்கள் என்று வெளிநாட்டுக் கூட்டம் வரும். பெல்லினி சதுக்கத்து மதுக்கடைகள், ஒரு நடனக் கூடம், கடைசியில் எங்கள் சந்தின் தொம்போலா. ‘எங்கும் எல்லோருக்கும் வரவேற்பு உண்டு’ என்று நிறுவனத்தின் துண்டறிக்கையில் அச்சடித்திருந்தார்கள். சுசெத்தாவிடம் யாரும் அதைக் காட்டவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்பு, சந்து முழுக்க விலாங்கு மீனும் வினிகரும் மணந்த ஒரு மழை நாளில், அனியெல்லோவின் அக்கா எர்சீலியா வந்தாள். குடையை மடக்கவில்லை. அதுவே சேதி.

“சுவத்தைத் தொட்டுப் பாரு. தண்ணி வடியுது. நெஞ்சு நோவுக்காரன இதுக்குள்ள போட்டு வெச்சிருக்க.”

“முப்பது வருஷமா வடியுது நாத்தனாரே. திடீர்னு நிறுத்தினாத்தான் பயப்படணும்,” என்றாள் சுசெத்தா, இரும்பை நிறுத்தாமல்.

“யாருக்கு யாருடி நாத்தனார்?”

“சரிங்கம்மா. காபி குடிக்கறீங்களா?”

“வேணாம். எங்க வீட்ல லிஃப்ட் இருக்கு. ரூமுக்கு ரூம் சூடு வருது. பாத்ரூம் ரெண்டு.”

“ரெண்டா? ரெண்டுலயும் ஒரே நேரத்துல போவீங்களோ?”

எர்சீலியா சிரிக்கவில்லை. கட்டில் பக்கம் போய்த் தம்பியின் நெற்றியைத் தொட்டாள். தாய் இறந்தபோது அனியெல்லோவுக்கு ஆறு வயது. எர்சீலியா பதினேழு வயதில் கையுறைத் தொழிற்சாலைக்குப் போய் அவரை வளர்த்தவள். அந்தத் தாயும் நெஞ்சுச் சளியில், இதே மாதிரி ஓர் ஈர அறையில்தான் போனாள். எர்சீலியா சொல்வதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் தொல்லை.

“வருஷா வருஷம் உன் ஆட்டத்துக்காக இவன மழையில உக்கார வெச்சியே, வாசல்ல நாய் மாதிரி. அந்தக் குளிருதான் இப்ப நெஞ்சுல குடியிருக்கு. இந்த வருஷம் எங்க போடுவ? குப்பைத் தொட்டி பக்கத்துலயா?”

இரும்பு நின்றது. விரிப்பில் லேசாகக் கருகல் வாடை வந்தது.

“கிறிஸ்துமஸ் அன்னிக்கு என் வீட்ல விருந்து, வர முடியாது. ஆனா மறுநாள் பசங்களோட வர்றேன். கார் கொண்டு வருவேன். துணி மணிய எடுத்து வையி.” குடை சந்தை அடைத்துக்கொண்டு போயிற்று.

சுசெத்தா கருகிய இடத்தை நகத்தால் சுரண்டினாள். “டேய், போகணும்னா போ. லிஃப்டு, சூடு, ரெண்டு கக்கூசு. நான் ஒண்ணும் அழுதுட்டு நிக்க மாட்டேன்.”

“எனக்குப் போக வேணாம்,” என்றார் அனியெல்லோ.

“அத அவகிட்ட சொல்றதுக்கென்ன?”

“அக்காகிட்ட எப்பிடிச் சொல்றது?”

அறுபத்திரண்டு வயது, என் இரண்டு தோளைச் சேர்த்தது போல ஒரு தோள். சந்தையில் அவர் பெட்டியோடு வந்தால் போலீஸ்காரன் வழி விடுவான். அக்காவுக்கு மட்டும் இதுவரை ‘மாட்டேன்’ சொன்னதில்லை.

அன்று மாலையே பெண்கள் கூடிவிட்டார்கள். சந்து முனையில் பொரித்த பீட்சா விற்கும் ரஃபிலீனா கையில் மாவோடு வந்தாள். சுசெத்தாவின் தோழி வயலேத்தா, அவளும் ஃபெம்மினெல்லா, முடியைச் சுருட்டும் குழல்களோடு வந்தாள். நான் வாசலில் பீட்சா தின்றுகொண்டிருந்தேன்; நிற்க ஒரு காரணம் வேண்டுமல்லவா.

“இந்த ஒரு வருஷம் ஆட்டத்த விட்டுடலாமே அக்கா,” என்றாள் ரஃபிலீனா.

“பூகம்பத்துல கூரை இடிஞ்ச வருஷமே விடல,” என்றாள் சுசெத்தா.

“கூரைக்கு நெஞ்சு வலி இல்ல.”

“நல்லாக் கேளு. என்னாலதான் ஆட்டம் நின்னுச்சுன்னு இவன் நெனச்சா, அவ கூப்பிடவே வேணாம், இவனே எந்திரிச்சுப் போயிடுவான். பாரமா இருக்கறது இவனுக்குத் தெரியாது. பாரம் தூக்கத்தான் தெரியும்.”

“அப்ப ஆட்டத்துக்கு இவனுக்கு ஒரு சால்வை, ஒரு பாவாடை கட்டிவிட்டா?” என்றாள் வயலேத்தா. “என்கிட்ட சிவப்புல ஒண்ணு இருக்கு.”

கட்டிலிலிருந்து பதில் வந்தது. “மீசைய என்ன பண்ணுவ?”

“அது ஒரு தடையா? எங்க அத்தைக்கு இதவிடப் பெருசு.”

“எனக்கு வேணாம். உனக்குப் பொம்பளையா இருக்கறது எப்படியோ, எனக்கு ஆம்பளையா இருக்கறது அப்படி.”

வயலேத்தா முடியிலிருந்து ஒரு குழலை எடுத்து மறுபடி சொருகினாள். பிறகு இஸ்திரி மூட்டையைப் பார்த்தாள். மேலே நான்கு நட்சத்திர விடுதி ஒன்றின் இரட்டைக் கட்டில் விரிப்பு, வெள்ளை வெளேரென்று மடித்துக் கிடந்தது.

“கயிறு இருக்கா?” என்றாள்.

கட்டிலுக்கு முன்னால் சுவரிலிருந்து சுவருக்குக் கயிறு கட்டி விரிப்பைத் தொங்கவிட்டார்கள். கட்டில் மறைந்தது. அனியெல்லோவின் இருமல் மட்டும் கேட்டது.

“இந்தப் பக்கம் வீடு,” என்றாள் வயலேத்தா. “அந்தப் பக்கம் தெரு. ஆம்பளை தெருவுல இருக்கான். யாராவது குத்தம் சொல்ல முடியுமா?”

ரஃபிலீனா யோசித்தாள். “தெருவுல அடுப்பு இருக்கே?”

“என் அடுப்பு தெருவுல இருந்தா உனக்கென்ன? உன் சட்டி மட்டும் தெருவுல இல்லியா?” என்றாள் சுசெத்தா.

சட்டம் நிறைவேறியது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், இருட்டும் நேரம். மழை நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் என் வானவில் கூட்டத்தோடு வந்தேன். இரண்டு ஸ்வீடன் பெண்கள் அட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். ஹாலந்திலிருந்து வந்த கணவனும் கணவனும் வாசலில் தடுக்கப்பட்டார்கள்.

“நாங்கள் தம்பதி என்று சொல்லுங்கள்,” என்றார் உயரமானவர். சொன்னேன்.

“ரெட்டை ஆம்பளை,” என்றாள் வாசல் காத்த வயலேத்தா. “ரெட்டிப்பா வெளிய நிக்கச் சொல்லு.”

“துண்டறிக்கையில் எல்லோருக்கும் வரவேற்பு என்று...”

“வரவேற்பு உண்டு,” என்றேன். “ஜன்னலில்.”

உள்ளே மேசையைச் சுற்றிப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எண்ணை மூட மாண்டரின் ஆரஞ்சுத் தோலைக் கிள்ளிப் போட்டுக்கொண்டார்கள். அறை முழுக்க அந்த மணம். அடுப்பில், அதாவது தெருவில், கீரையும் பீன்ஸும் போட்ட சூப்பு கொதித்தது. சுசெத்தா கறுப்பு வெல்வெட்டில் நின்று கூடையைக் குலுக்கினாள்.

“ஒரு ஊர்ல ஒரு வீட்டுக்காரன், முப்பத்தொண்ணு! அவன் பொண்டாட்டி எந்நேரமும் பால்கனியிலயே நின்னா, நாப்பத்து மூணு! ஏன் நின்னா? கீழ ஒருத்தன் வந்தான். கையில என்ன வெச்சிருந்தான்? விலாங்கு, முப்பத்திரெண்டு! எவ்ளோ நீளம்னு கேட்டா...”

எவ்வளவு நீளம் என்பதை உள்ளேயிருந்த ஒவ்வொருத்தியும் கையால் காட்டினாள். ஹாலந்துக்காரர் மொழிபெயர்க்கச் சொன்னார். மீன் விலையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றேன்.

அப்போதுதான் எர்சீலியா வந்தாள், இரண்டு மகன்களோடு. பெரியவன் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருக்கிறான், சின்னவன் அங்கேயே கிடக்கிறான். மாமனை நாற்காலியோடு தூக்கிப் போகத் தயாராக வந்தவர்கள், கூடை குலுங்கும் சத்தம் கேட்டதும் வாசலிலேயே நின்று தொப்பியைக் கழற்றினார்கள்.

“உள்ள போங்கடா,” என்றாள் தாய்.

“ஆட்டம் நடக்குதும்மா.”

“அதுக்கு?”

“ஆட்டம் நடக்குது,” என்றான் பெரியவன் மறுபடி, இதற்கு மேல் எப்படி விளக்குவது என்பது போல. ஊரை விட்டுக் குடிபோன பிறகும் அவன் எங்கள் பேட்டையில் பிறந்தவன்தான்.

எர்சீலியா தனியாக உள்ளே போனாள். ரஃபிலீனா ஓர் அட்டையை நீட்டினாள். “பொம்பள உள்ள வந்தா ஆடணும். சும்மா நின்னு பாக்கறது போலீசு.”

“நான் என் தம்பியக் கூட்டிட்டுப் போக வந்தேன். எங்க அவன்? அது என்ன துணி?”

“தெரு,” என்றாள் வயலேத்தா.

“என்னது?”

“விரிப்புக்கு அந்தப் பக்கம் தெரு. சட்டப்படி வெளிய இருக்கான்.”

எர்சீலியா முட்டாள் அல்ல. “அது தெருன்னா, என் பசங்களும் அங்க நிக்கலாம்ல?”

“தாராளமா. இந்த ரூம் வழியா மட்டும் வரக் கூடாது. வேற வழி தெரிஞ்சா வரட்டும்.”

சின்னவன் உண்மையாகவே கட்டடத்தைச் சுற்றிப் போய்ப் பார்த்தான். பின்பக்கம் சுவரும் ஒரு பூனையும் இருப்பதாக வந்து சொன்னான்.

எர்சீலியா விரிப்பை விலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். கூடை நின்றது. வெளியே எங்களுக்கும் எல்லாம் கேட்டது.

“எந்திரிடா. கோட்டு கொண்டு வந்திருக்கேன்.”

இருமல். நீளமான இருமல்.

“அக்கா, நான் ஆம்பளை.”

“தெரியும். நான்தான் உன்னக் குளிப்பாட்டினவ.”

“கார் சந்து முனையில இருக்கு. அங்க வரணும்னா இந்த ரூமக் கடக்கணும். ஆட்டம் நடக்கறப்ப நான் உள்ள கால் வெக்கக் கூடாது. முப்பது வருஷமா வெச்சதில்ல.”

“டேய்...”

“வெக்க மாட்டேன்க்கா.”

ஜன்னலில் பெரியவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அந்தச் சொல்லை அனியெல்லோ வாயில் நாங்கள் இருவரும் முதல் முறையாகக் கேட்கிறோம்.

எர்சீலியா திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து அட்டையைப் பிடுங்கினாள். “ஆட்டம் முடியணும், அவ்ளோதான? கூப்பிடு. முதல்லருந்து வந்ததெல்லாம் சொல்லு, மூடறேன்.”

சுசெத்தா சொன்னாள். பிறகு கூப்பிட்டாள். இருபத்தைந்து, கிறிஸ்துமஸ். எழுபத்தெட்டு, தொழில்காரி. எழுபத்தொன்பது, திருடன். கதையில் வீட்டுக்காரன் பரணில் ஒளிந்தான், விலாங்கு தப்பித்துப் பாதிரியார் வீட்டுக்குப் போயிற்று. எண்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒருத்தியும் ‘தொம்போலா’ என்று கத்தவில்லை.

நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். வயலேத்தாவின் அட்டை நிறைந்திருந்தது. அவள் அதன் மேல் கைக்குட்டையைப் போட்டாள். ரஃபிலீனாவுக்கு நிறைந்து வெகு நேரம். கடை வாசலில் அவள் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை; இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. ஸ்வீடன் பெண்களில் ஒருத்தி தன் அட்டை நிறைந்த மகிழ்ச்சியில் கையைத் தூக்கினாள். பக்கத்தில் இருந்தவள் அந்தக் கையைப் பிடித்து மடக்கி, அதில் ஓர் ஆரஞ்சுச் சுளையை வைத்தாள்.

“இவ்ளோ எண் போயாச்சு, ஒருத்திக்கும் நெறையலயா?” என்றாள் எர்சீலியா.

“கெட்ட நேரம்,” என்றாள் வயலேத்தா.

எர்சீலியா ரஃபிலீனாவின் அட்டையை எட்டிப் பார்த்தாள். “ஏய், உனக்கு நெறஞ்சிருக்கே!”

“எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதுக்கா,” என்றாள் ரஃபிலீனா. “எண்ணெய்ப் புகையிலயே இருக்கேனில்ல.”

எர்சீலியா மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். “அப்படியா சேதி,” என்றாள் மெதுவாக. “சரி. எனக்கும் ஒண்ணுதான் பாக்கி. நான் கத்துவேன். கூப்பிடுடி.”

சுசெத்தா கூடைக்குள் கை விட்டாள். எடுத்த கட்டையைப் பார்த்தாள். பிறகு நேர் எதிரே இருந்த எர்சீலியாவின் அட்டையைப் பார்த்தாள். மூடாமல் இருந்த ஒரே கட்டம் ஜன்னலிலிருந்த எனக்கே தெரிந்தது. வயலேத்தா கண்ணால் கெஞ்சினாள்: திரும்பப் போடு, வேறொன்றை எடு. யாருக்குத் தெரியப் போகிறது. விரிப்புக்கு அந்தப் பக்கம் இருமல் நின்றிருந்தது.

“பாக்காத அப்படி,” என்றாள் சுசெத்தா வயலேத்தாவிடம். “ஆட்டத்துல ஏமாத்தி நான் அவன இங்க வெச்சுக்க மாட்டேன்.” கட்டையைத் தூக்கிப் பிடித்தாள். கதை ஏதும் சேர்க்கவில்லை. “அம்பது. ரொட்டி.”

எர்சீலியா தோலைக் கட்டத்தில் வைத்தாள். “தொம்போலா.” கத்தவில்லை. சொன்னாள்.

யாரும் கை தட்டவில்லை. சுசெத்தா அட்டையை வாங்கி ஒவ்வோர் எண்ணாகச் சரி பார்த்தாள். “சரியா இருக்கு. ஆட்டம் முடிஞ்சுது.”

விரிப்பு அசைந்தது. முதலில் ஒரு கை, பிறகு கம்பளித் தொப்பி, பிறகு கோடு போட்ட பைஜாமாவில் அனியெல்லோ. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். பெண்கள் நாற்காலியோடு விலகி வழி விட்டார்கள். எர்சீலியா எழுந்து கோட்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். சின்னவன் தொப்பியை மாட்டிக்கொண்டான்.

“முடிஞ்சுதா அக்கா?”

“முடிஞ்சுதுடா. கையக் குடு.”

“முடிஞ்சா ஆம்பளை உள்ள வரலாம்.”

“வரலாம்.”

அவர் விரித்த கோட்டைத் தாண்டி வந்தார். மேசைக்குத் தலைமாட்டில், இஸ்திரி மேசையை ஒட்டி இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அதுவரை அங்கே ஸ்வீடன் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் தானாக எழுந்துவிட்டாள். அவருக்கு மூச்சு வாங்கியது. காத்திருந்தோம்.

“வந்துட்டேன்,” என்றார். “என் வீட்டுக்குள்ள வந்துட்டேன். சுசே, சூப்ப ஊத்து.”

“சளி மூளைக்கு ஏறிடுச்சாடா உனக்கு?” என்றாள் எர்சீலியா.

“ஏறியிருக்கலாம். அதும் இங்கயே இருக்கட்டும்.” கையை மேசையில் ஊன்றிக்கொண்டார். “நீ வளத்த. நான் மறக்கல. சாகறதுன்னா எங்க வேணா சாகலாம், லிஃப்டுலகூடச் சாகலாம். இருக்கறதுன்னா இங்கதான் இருப்பேன். மாட்டேன்னா மாட்டேன்.”

கோட்டின் கைகள் இரண்டும் தொங்கின. எர்சீலியா சுவரைப் பார்த்தாள். அது தன் பாட்டுக்கு வடிந்துகொண்டிருந்தது. சுசெத்தா தெருவுக்குப் போய்க் கிண்ணத்தில் சூப்போடு வந்து அவர் முன்னால் வைத்தாள். ரொட்டியைப் பிய்த்துப் போட்டாள். அவர் முதல் கரண்டியை விழுங்கும் சத்தம் சந்து வரை கேட்டது.

“யார் ஜெயித்தது?” என்று ஹாலந்துக்காரர் என் காதில் கேட்டார்.

“கோட்டு வைத்திருக்கும் அம்மா,” என்றேன். அதுதான் உண்மை.

எர்சீலியா கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டாள். “நான் விட மாட்டேன். நாளைக்கு வருவேன்.”

“வாங்க,” என்றாள் சுசெத்தா. சிதறிக் கிடந்த கட்டைகளைக் கையால் வாரிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். “நாளைக்கும் ஆட்டம் உண்டு.”

“ஜனவரி ஆறு, மூணு ராஜா திருநாளோட உங்க ஆட்டம் எல்லாம் முடிஞ்சிடும். எனக்குத் தெரியாதா? மறுநாள் வந்து நிப்பேன். அப்ப எந்தத் துணியக் காட்டுவ?”

சுசெத்தா கூடையைத் தூக்கினாள். குலுக்கினாள். உள்ளே தொண்ணூறு கட்டைகளும் உருண்டன.

“இந்த வருஷம் ஈஸ்டர் வரைக்கும்,” என்றாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, சந்துக்கே கேட்கும்படி குரல் கொடுத்தாள்: “அடுத்த ஆட்டம்! ஆம்பளைங்க எல்லாரும் வெளிய!”

உள்ளே ஒரு காலை வைத்திருந்த பெரியவன் அந்தக் காலைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.